ஜோட்டெரோவும் நூல் தலைப்புகளும்: ஒரு டிடிபி கடைக்காரியின் மதிப்புரை

ஆய்வேடு எழுதுகிறவர்கள், நூல், கட்டுரை விவரங்களைச் சேர்த்துவைத்துத் துணைநூற்பட்டியல் போட்டுத்தரும் ஜோட்டெரோ மென்பொருளை நம்பலாமா என்று கேட்டால், தாராளமாக நம்பலாம் என்பேன். காசு கிடையாது. வேர்டுக்குள்ளேயே வேலை செய்யும். பாதி ஆய்வேடு முடிந்த பிறகு கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், மனசு மாறி "எம்எல்ஏ வேண்டாம், ஏபிஏ போடு" என்றாலும் அசராது. (இரண்டும் துணைநூற்பட்டியலை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் ஸ்டைல்கள், அதாவது விதிமுறைகள்.) ஆனால் நூல் தலைப்பு, கட்டுரைத் தலைப்பு என்று வரும்போது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று யாரும் இருந்துவிடக் கூடாது. தலைப்பை நாம் உள்ளே எப்படிப் போடுகிறோமோ அதை வைத்துத்தான் அது வெளியே தரும். இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்தத் தலைப்புக் கட்டத்தைப் பற்றியதுதான். பிடிஎஃப் படிப்பது, அடிக்கோடு போடுவது, குறிப்பெடுப்பது பற்றியெல்லாம் ஏற்கனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் வரும், போகும். கடை வாடகையைக் கொடுப்பது ஆய்வேடுகள். தமிழ், வரலாறு, ஆங்கிலம், கொஞ்சம் தாவரவியல். நான் ஆராய்ச்சி செய்தவள் இல்லை. ஆனால் துணைநூற்பட்டியலில் எந்தக் கைடு எதைச் சுழிப்பார், எதைக் கண்டுகொள்ளமாட்டார் என்பது எனக்குத் தெரியும். நானூறு பக்க ஆய்வேட்டில் கருத்துப்பிழையை விட்டுவிட்டு, ஒரு புத்தகத் தலைப்பு சாய்வெழுத்தில் இல்லை என்று சிவப்பு மையில் வட்டம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. கண்ணுக்கு முதலில் படுவது அதுதானே.

ஜோட்டெரோ 2006இல் வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ராய் ரோசன்ஸ்வைக் மையத்தில் வரலாற்றுக்காரர்கள் சேர்ந்து செய்தது. அப்போது ஃபயர்ஃபாக்ஸுக்குள் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்னச் செருகி. இப்போது தனி மென்பொருள், நடத்துவது ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு. 2024இல் வந்த ஏழாம் பதிப்பில் தோற்றமே மாறிவிட்டது. போட்டிக்கு எண்ட்நோட் இருக்கிறது, அது விலைக்கு. மெண்டலி இருக்கிறது, அதை எல்ஸ்வியர் என்ற பதிப்பகம் 2013இல் வாங்கிவிட்டது. வேர்டிலேயே ரெஃபரன்ஸ் என்று ஒரு பகுதி உண்டு, என் கடைக் கணினியில் இருக்கும் வேர்டு இன்னமும் ஏபிஏ ஆறாம் பதிப்பையே காட்டுகிறது. ஏழாம் பதிப்பு 2019இலேயே வந்தாயிற்று. ஜோட்டெரோவில் பத்தாயிரத்துக்கு மேல் ஸ்டைல்கள் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன.

சரி, தலைப்புக்கு வருவோம்.

ஆங்கிலத் தலைப்பில் இரண்டு தொல்லை. எது சாய்வு, எது மேற்கோள்குறி என்பது ஒன்று. எந்தச் சொல் கேப்பிட்டலில் தொடங்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் தொல்லையை ஜோட்டெரோ பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது. எம்எல்ஏ என்றால் புத்தகமும் இதழும் சாய்வு, உள்ளே இருக்கும் கட்டுரை, கவிதை, சிறுகதை எல்லாம் இரட்டை மேற்கோள்குறி. ஏபிஏ என்றால் பட்டியலில் கட்டுரைத் தலைப்புக்கு மேற்கோள்குறியும் இல்லை, சாய்வும் இல்லை, வெறுமனே நிற்கும். இதழின் பெயர் மட்டும் சாயும். இதெல்லாம் ஸ்டைல் கோப்பில் எழுதிவைத்தாயிற்று. நாம் தொட வேண்டியதில்லை.

இரண்டாவது தொல்லையில்தான் மனுஷர் கை வேண்டும். ஏ.கே. ராமானுஜனின் குறுந்தொகை மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத் துறைப் பிள்ளைகளின் பட்டியலில் அடிக்கடி வரும் புத்தகம்: ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்: லவ் போயம்ஸ் ஃப்ரம் எ கிளாசிக்கல் தமிழ் ஆந்தாலஜி’, இண்டியானா பல்கலைக்கழகப் பதிப்பகம், 1967. எம்எல்ஏவில் எல்லா முக்கியச் சொல்லும் கேப்பிட்டலில் தொடங்கும், ‘எ’ என்ற சின்னச் சொல்லும் ‘ஃப்ரம்’மும் மட்டும் சின்ன எழுத்து. ‘ஃப்ரம்’ முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்). எத்தனை எழுத்து நீளமானாலும் எம்எல்ஏவில் அதற்குச் சலுகை இல்லை. ஏபிஏவில் பட்டியலுக்கு வந்தால் முதல் சொல், கோலனுக்குப் பிந்தைய ‘லவ்’, சிறப்புப் பெயரான (ஆள், ஊர், மொழி போன்றவற்றின் பெயர்) ‘தமிழ்’, இவை மட்டுமே கேப்பிட்டல். ஆனால் அதே ஏபிஏவில் ஆய்வேட்டின் பத்திக்குள் அந்தப் புத்தகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் மறுபடி ‘எ’ தவிர எல்லாம் கேப்பிட்டல், அங்கே ‘ஃப்ரம்’ கூட கேப்பிட்டல்தான். நாலு எழுத்தும் அதற்கு மேலும் உள்ள சொல் எல்லாம் பெரிதாகும் என்பது அவர்கள் கணக்கு. சிகாகோ என்ற இன்னொரு ஸ்டைலின் 2024ஆம் ஆண்டுப் பதினெட்டாம் பதிப்பில் முன்னிடைச்சொல் ஐந்து எழுத்தைத் தொட்டால்தான் பெரிதாகும் என்று புது விதி. ஒரே புத்தகம், ஒரே ஒரு நாலெழுத்துச் சொல், அதற்கு இத்தனை வழக்கு.

இதற்கு ஜோட்டெரோக்காரர்களே சொல்லும் வழி: தலைப்பை எப்போதும் ஏபிஏ பட்டியலில் வருவதைப் போல, சாதாரண வாக்கியம் மாதிரி, முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டும் கேப்பிட்டலாக உள்ளே போட்டுவையுங்கள். எம்எல்ஏவோ சிகாகோவோ கேட்டால் ஜோட்டெரோ தானே மற்றச் சொற்களைப் பெரிதாக்கிக்கொள்ளும். எதிர்த் திசையில் அது முடியாது. எல்லாம் கேப்பிட்டலாக உள்ளே கிடந்தால், எது சிறப்புப் பெயர், எது சும்மா பெரிதாக்கியது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? அதனால் ஏபிஏ ஸ்டைல் அந்த வேலையை எடுத்துக்கொள்வதே இல்லை. உள்ளே இருப்பதை அப்படியே வெளியே வைத்துவிடும்.

நான் பார்க்கும் பட்டியல்களில் பாதிக்குப் பாதி தவறு இங்கேதான். ஆய்வேட்டுத் தளங்களிலிருந்து இறக்கிய தலைப்புகள் சில முழுக்க முழுக்கக் கேப்பிட்டலில் கத்திக்கொண்டிருக்கும். நூலகப் பட்டியலிலிருந்து வந்தவை ஒழுங்காகச் சின்ன எழுத்தில் இருக்கும். இதழ்த் தளத்திலிருந்து வந்தவை எல்லாச் சொல்லும் பெரிதாக இருக்கும். மூன்றும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நின்றால் கைடு என்ன நினைப்பார்? தலைப்புக் கட்டத்தில் வலது கிளிக் செய்தால் எழுத்தை மாற்றும் வசதி வரும், அதில் சென்டென்ஸ் கேஸ் என்பதை அழுத்தினால் எல்லாம் இறங்கிவிடும். அப்புறம் சிறப்புப் பெயர்களைக் கையால் தூக்கிவிட வேண்டும். கமில் சுவலபில் 1973இல் பிரில் வெளியீடாகக் கொண்டுவந்த ‘தி ஸ்மைல் ஆஃப் முருகன்’ நூலை இப்படி இறக்கினால் முருகனும் சின்ன எழுத்தாகிவிடுவார். துணைத்தலைப்பில் இருக்கும் தமிழும் தென்னிந்தியாவும் அவரோடு சேர்ந்து இறங்கிவிடும். மூன்றையும் தூக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை. இதற்கு மந்திரம் எதுவும் இல்லை, ஒவ்வொரு பதிவாகக் கண்ணால் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்து, பலர் வெறுமனே விட்டுவிடும் ஒரு கட்டம்: மொழி. ஆங்கில நூல் என்றால் அதைக் காலியாக விட்டாலும் பாதகமில்லை. வேறு மொழி என்றால் கட்டாயம் போட வேண்டும். ஜோட்டெரோ ஆங்கிலத் தலைப்புகளுக்கு மட்டும்தான் சொற்களைப் பெரிதாக்கும். மொழி காலியாக இருந்தால் ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் இது அன்றாடப் பிரச்சினை. இங்கே 1955இலிருந்து பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது, கோயில் வரலாறு, கல்வெட்டு என்று எழுதுகிறவர்கள் பிரெஞ்சு வெளியீட்டைத் தொடாமல் முடிக்க முடியாது. பிரெஞ்சுத் தலைப்பில் முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் சின்ன எழுத்துதான். மொழிக் கட்டத்தைக் காலியாக விட்டு எம்எல்ஏ போட்டால் நடுவில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் ஆங்கிலத் தொப்பி மாட்டிக்கொண்டு வரும். பிரெஞ்சு என்று குறித்துவிட்டால் தொடாது. ஜெர்மனுக்கும் இதே வழிதான், அங்கே பெயர்ச்சொல் எல்லாம் இயல்பாகவே கேப்பிட்டல், அதை அப்படியே காப்பாற்றும்.

தமிழில் கேப்பிட்டலே இல்லையே, நமக்கு என்ன கவலை என்று கேட்பீர்கள். யூனிகோடில் தட்டச்சு செய்தால் கவலை இல்லைதான். ஆனால் இன்னமும் பாமினியில் அடித்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பாமினி எழுத்துரு திரையில்தான் தமிழ், உள்ளுக்குள் அது ஆங்கில எழுத்து. ஜோட்டெரோவில் ஒட்டினால் முதலில் புரியாத ஆங்கிலக் கலவையாகத் தெரியும். சரி, வேர்டில் பாமினி எழுத்துருவைப் போட்டால் தமிழாகிவிடும் என்று விட்டால், அதற்குள் ஜோட்டெரோ அதை ஆங்கிலத் தலைப்பு என்று நினைத்து முதல் எழுத்தைக் கேப்பிட்டலாக்கியிருக்கும். பாமினியில் சின்ன ஜே என்றால் ‘த’, பெரிய ஜே என்றால் ‘து’. தமிழ் என்று தொடங்கும் தலைப்பு ‘துமிழ்’ என்று அச்சாகும். சின்ன கே ‘ம’, பெரிய கே ‘மு’. மரம் என்பது ‘முரம்’ ஆகும். இதைப் பார்த்துவிட்டு மென்பொருளில் வைரஸ் என்று சொன்னவர்களும் உண்டு. பாமினியை யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசம். தலைப்பை மாற்றி ஒட்டுங்கள், மொழிக் கட்டத்தில் தமிழ் என்று குறியுங்கள், முடிந்தது.

சாய்வெழுத்துதான் தமிழில் தீராத வழக்கு. நம் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்கு முறையாக வரைந்த சாய்வு வடிவம் கிடையாது. வேர்டு நேரெழுத்தையே பிடித்துத் தள்ளிச் சாய்க்கும். லதா எழுத்துருவில் ‘ணை’, ‘ழு’ போன்றவை பன்னிரண்டு புள்ளி அளவில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கே கழுத்து வலிக்கும். எம்எல்ஏவின் பழைய பதிப்புகளில் தட்டச்சுப் பொறிக் காலத்து வழக்கப்படி அடிக்கோடு இருந்தது, 2009இல் ஏழாம் பதிப்பில்தான் சாய்வுக்கு மாறினார்கள். தமிழ்த் துறைகளில் இன்னும் சில கைடுகள் நூற்பெயரைத் தடித்த எழுத்தில் கேட்கிறார்கள், சிலர் ஒற்றை மேற்கோள்குறிக்குள் கேட்கிறார்கள், சிலருக்குச் சாய்வுதான் வேண்டும். என் ஓட்டு தடித்த எழுத்துக்கு. படிக்க முடிகிறது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் இல்லை.

முழுக்கத் தமிழ் ஆய்வேடு என்றால் வழி எளிது. ஸ்டைல் கோப்பைத் திறந்து சாய்வு என்று இருக்கும் இடத்தில் தடிப்பு என்று மாற்றிவிடலாம். அதே கோப்பில் பக்கத்துக்கு ‘ப.’, ‘பக்.’ என்றும், முன் சொன்ன நூலுக்கு ‘மேலது’ என்றும் வரும்படி எழுதிவைக்கலாம். நான் ஒருமுறை செய்துவைத்த கோப்பைத்தான் வரும் தமிழ்த் துறைப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்கிறேன், சான்றெண் விளக்கம் ஒழுங்காக வந்துவிடுகிறது. ஆங்கில ஆய்வேட்டில் நடுநடுவே தமிழ் எழுத்தில் நூற்பெயர் வந்தால்தான் கொஞ்சம் தந்திரம் வேண்டும். தலைப்புக் கட்டத்திலேயே அந்தத் தமிழ்ப் பெயரைச் சாய்வுக்கான ஹெச்டிஎம்எல் குறிக்குள் (முன்னால் <i>, பின்னால் </i>) போட்டுவிடுங்கள். சாய்வுக்குள் சாய்வு வந்தால் ஜோட்டெரோ அதை நிமிர்த்திவிடும். ஆங்கில நூல்கள் சாய்ந்திருக்கும், தமிழ்ப் பெயர் நேராக நிற்கும்.

இந்தக் குறிகள் வைக்கப்பட்டதே வேறு காரியத்துக்கு. தாவரவியல் பிள்ளைகளுக்கு இது உயிர். நெல்லின் அறிவியல் பெயர் ஒரைசா சட்டைவா. கட்டுரைத் தலைப்புக்குள் அது வந்தால் அந்த இரண்டு சொல் மட்டும் சாய வேண்டும். புத்தகத் தலைப்புக்குள் வந்தால், தலைப்பே சாய்வு என்பதால் அந்த இரண்டு சொல் நிமிர வேண்டும். குறி போட்டுவிட்டால் இடத்துக்குத் தக்கபடி ஜோட்டெரோ மாற்றிக்கொள்ளும். ஆனால் சொற்களைப் பெரிதாக்கும் ஸ்டைல் என்றால் ‘சட்டைவா’வின் முதல் எழுத்தையும் கேப்பிட்டலாக்கிவிடும், அது அறிவியல் பெயரில் பெருங்குற்றம். அதற்கென்றே எழுத்தளவை மாற்றாதே என்று சொல்லும் இன்னொரு குறி இருக்கிறது, பெயர் நோகேஸ். லேட்டெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதும் இயற்பியல்காரர்கள் இதற்கு நெளிவு அடைப்பு போடுவார்கள், அதே வேலைதான். குறிகளைத் தட்டச்சு செய்வது அழகான வேலை இல்லை, தலைப்புக் கட்டம் பார்க்கவே அசிங்கமாக இருக்கும். ஆனால் ஒரு முறை போட்டால் போதும்.

தலைப்புக்குள் இன்னொரு தலைப்பு வந்தாலும் இதே தந்திரம்தான். மேற்கோள்குறிக்குள் மேற்கோள்குறி வந்தால் உள்ளிருப்பது ஒற்றையாகும், அதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது.

வகை என்ற கட்டத்தையும் கவனியுங்கள். பதிவு செய்யும்போது அது புத்தகமா, புத்தகத்தின் ஒரு பகுதியா, இதழ்க் கட்டுரையா, செய்தித்தாளா, ஆய்வேடா என்று கேட்கும். தலைப்பின் கோலத்தைத் தீர்மானிப்பது இதுதான். அச்சாகாத முனைவர் பட்ட ஆய்வேட்டின் பெயர் சிகாகோவில் மேற்கோள்குறிக்குள் வரும், ஏபிஏவிலும் இன்றைய எம்எல்ஏவிலும் சாய்வில் வரும். எம்எல்ஏவின் ஏழாம் பதிப்பு வரைக்கும் அதுவும் மேற்கோள்குறியில்தான் இருந்தது. ஆய்வேட்டைப் புத்தகம் என்று பதிந்துவிட்டால் சிகாகோவில் தப்பாகத்தான் வரும். தொகுப்பு நூலில் இருக்கும் கட்டுரையைப் புத்தகம் என்று பதிவது இன்னொரு வாடிக்கையான குளறுபடி. அப்படிச் செய்தால் கட்டுரையின் பெயர் சாய்ந்து நிற்கும், தொகுப்பின் பெயருக்கு இடமே இருக்காது. செய்தித்தாள் கட்டுரையை உலாவியிலிருந்து ஒரே சொடுக்கில் சேமிக்கும்போது சில தளங்களில் அது வெறும் இணையப்பக்கம் என்று வந்து உட்காரும், தலைப்பின் வாலில் தளத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். வாலை வெட்டி, வகையை மாற்றுங்கள்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணைப் போட்டால் புத்தக விவரத்தை இழுத்துவரும் மந்திரக்கோல் பொத்தான் ஒன்று இருக்கிறது. ஆங்கிலப் புத்தகங்களுக்கு அருமை. துணைத்தலைப்புக்கு முன் கோலன் வருகிற இடத்தில் ஒரு வெற்றிடம் சேர்ந்து வரும், நூலகக்காரர்களின் பழக்கம் அது, நீக்கிவிடுங்கள். தமிழ்ப் புத்தகங்களுக்கு அமெரிக்க நூலகப் பட்டியலிலிருந்து விவரம் வந்தால் பெயர் ரோமன் எழுத்தில், புள்ளியும் கோடுமாக வரும். சிலப்பதிகாரம் என்பது ‘சி’ (C) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும், ஏனென்றால் அவர்கள் முறையில் ச எல்லாம் அந்த எழுத்துதான். ஆங்கில ஆய்வேட்டுக்கு அது கச்சிதம். தமிழ் ஆய்வேட்டுக்குத் தமிழிலேயே மறுபடி அடிக்க வேண்டும். பழைய பதிப்புகளுக்கு ஐஎஸ்பிஎன் எண்ணே கிடையாது, முழுக்கக் கைவேலை. ஆசிரியர் பெயரில் முன் பெயர், பின் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும், பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் ஒரே கட்டமாகும். இனிஷியலோடு நம் பெயர்கள் அதில்தான் ஒழுங்காக நிற்கும்.

இனி, தெரிந்துகொண்டு இறங்க வேண்டிய குறைகள். தமிழ் நூல்கள், ஆங்கில நூல்கள், இதழ்கள் என்று துணைநூற்பட்டியலைத் தனித்தனித் தலைப்பில் பிரிக்கச் சொல்வது நம் பக்க வழக்கம். ஜோட்டெரோ ஓர் ஆவணத்துக்கு ஒரே பட்டியல்தான் தரும். எல்லாம் முடிந்த பிறகு கோப்பை நகலெடுத்து, நகலில் இணைப்பைத் துண்டித்து, கையால் பிரித்து வைக்கிறேன். துண்டித்தால் மறுபடி ஒட்ட முடியாது, அதனால் மூலக் கோப்பைத் தொடவே கூடாது.

இன்னொன்று, கடையில் அடிக்கடி நடப்பது. "அக்கா, நேத்து ராத்திரி உட்கார்ந்து எல்லாத் தலைப்பையும் சரி பண்ணினேன், இன்னிக்குத் திறந்தா பழையபடி இருக்கு" என்று கண் கலங்கி நிற்பார்கள். "எங்கம்மா சரி பண்ணினே?" "வேர்டுலதான்." அங்கேதான் விஷயம். வேர்டில் தெரியும் பட்டியல் வெறும் பிரதிபலிப்பு. ஜோட்டெரோ அடுத்த முறை புதுப்பிக்கும்போது உள்ளே இருப்பதை வைத்துத் திரும்ப எழுதிவிடும். தலைப்பை ஜோட்டெரோவுக்குள் திருத்தி, வேர்டுக்கு வந்து ரெஃப்ரெஷ் அழுத்த வேண்டும். இதைக் குறை என்று சொல்வது நியாயமில்லை, ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

செலவு என்று பார்த்தால், மென்பொருள் இலவசம், பதிவுகளை இணையத்தில் ஒத்திசைப்பதும் இலவசம். பிடிஎஃப் கோப்புகளையும் மேலே ஏற்றிவைக்க 300 எம்பி சும்மா தருகிறார்கள். அதற்கு மேல் 2 ஜிபிக்கு வருஷம் 20 டாலர். தலைப்பு, ஆசிரியர் விவரங்கள் மட்டும் என்றால் அந்தக் காசு தேவையே படாது. பிடிஎஃபைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வேட்டைக் கடைசி வடிவத்துக்கு எந்த டிடிபி கடைக்குக் கொண்டுபோனாலும், வேர்டு கோப்பை மட்டும் எடுத்துப்போகாதீர்கள். ஜோட்டெரோவில் அந்த ஆய்வேட்டுக்கான தொகுப்பை வலது கிளிக் செய்து ஏற்றுமதி செய்த கோப்பும், கைடு கேட்ட ஸ்டைலின் பெயரும் பதிப்பு எண்ணும் எழுதிய துண்டுச் சீட்டும் கூடவே வேண்டும். "ஏபிஏ" என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தால், ஆறா ஏழா என்று கைடுக்கு ஃபோன் போடுங்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன்.